பார்த்த கையோடு ஒரு பக்கம்

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, வேலை முடிந்து வந்ததும் ராத்திரி ஒரு மணி நேரமாவது புத்தகம், எழுத்து, பதிப்பு பற்றிய காணொளிகளைப் பார்க்கிறேன். பார்க்கும்போது உடனே எழுத வேண்டும் போலிருக்கிறது. நோட்டை எடுத்தால் ஒன்றும் வருவதில்லை. இந்தக் காணொளிகளால் பிரயோசனம் உண்டா? உண்டென்றால் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? எங்கள் அப்பத்தா நாற்பது வருடம் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அதைத் தவிர எங்கள் வீட்டில் எழுத என்ன இருக்கிறது?"

தம்பி, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் எழுத்தாளர் இல்லை. 1988-ல் காரைக்குடியில் ஒரு பைண்டிங் பட்டறையில் ஃபாரம், அதாவது பல பக்கங்கள் சேர்த்து அச்சடித்த பெரிய தாள், மடிக்கப் போனேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அப்புறம் பக்கத்து அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். அவர் அச்சடித்த தாளைப் பார்ப்பார், நான் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி, பத்தி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மணிவிழா மலர், கல்லூரி ஆண்டு மலர், கோயில் தலபுராணம், கவிதைத் தொகுப்பு என்று எத்தனையோ பக்கங்களை அப்படி வாசித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலையைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் பிழைதிருத்தம்தான் என் பிழைப்பு. ராத்திரியில் நானும் உங்களைப் போலவே காணொளி பார்க்கிறவள்.

பிரயோசனம் நிச்சயமாக உண்டு. ஆனால் அந்த ஊக்கத்துக்கு ஆயுள் குறைவு. வெள்ளைப் பணியாரம் மாதிரிதான். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் தின்றால் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். மூடி வைத்து மறுநாள் எடுத்தால் சவசவத்துப் போய்விடும். நீங்கள் ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் பார்க்கிறீர்கள், பதினொன்றரை மணிக்குத்தான் நோட்டை எடுக்கிறீர்கள். அதற்குள் முதல் காணொளி கொடுத்த சூடு ஆறிவிடுகிறது, கண்ணும் களைத்துவிடுகிறது. உங்களுக்கு எழுத வராது என்பது இதற்குப் பொருள் இல்லை. நேரத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் காணொளியைத் திறப்பேன். பேசுகிறவர் சொல்லும் கருத்துகளை அதில் எழுதுவதில்லை. எந்த இடத்தில் என் உடம்பு நிமிர்ந்ததோ அந்த நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறிப்பேன். '17.40, பழைய மேசை, நீலக் கணக்கு நோட்டு' என்ற அளவுக்குத்தான். அப்படி ஓர் இடம் வந்ததும் காணொளியை அங்கேயே நிறுத்திவிடுவேன். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது. நிறுத்திய கையோடு நோட்டைத் திருப்பி, அந்த இடம் எனக்கு எதை ஞாபகப்படுத்தியதோ அதை ஒரு பக்கம் எழுதுவேன். நன்றாக வந்திருக்கிறதா என்று அன்றைக்குப் பார்ப்பதில்லை.

அந்த நீலக் கணக்கு நோட்டு உண்மையிலேயே நடந்தது. ஓர் எழுத்தாளரைப் பற்றிய ஆவணப்படம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா மெல்ல நகர்ந்து அவருடைய மேசையில் போய் நின்றது. கடைகளில் வாங்கும் நீள வாட்டுக் கணக்கு நோட்டில், பற்று வரவுக் கோடுகளுக்கு மேலேயே அவர் கதை எழுதியிருந்தார். எங்கள் அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். அதே நோட்டு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அரிக்கன் விளக்கை இழுத்து வைத்து, மூட்டைக் கணக்கை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார். அவர் போய் இருபது வருடமாகியும் அந்த முணுமுணுப்பு அதுவரை எனக்கு ஞாபகத்தில் இல்லை. நான்கு நொடிக் காட்சி அதை எழுப்பிவிட்டது. அந்த எழுத்தாளர் எழுதும் முறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தார். அதில் ஒரு வரிகூட எனக்கு இப்போது நினைவில்லை. ஆனால் அந்த நோட்டால் எனக்கு ஆறு பக்கம் கிடைத்தது.

ஆகவே காணொளியில் அறிவுரையைத் தேடாதீர்கள். பொருளைத் தேடுங்கள். கை, மேசை, காகிதம், குரல், ஒருவர் யோசிக்கும்போது விழும் மௌனம் ஆகியவற்றைக் கவனியுங்கள். நம் வாழ்க்கையில் போய் ஒட்டிக்கொள்வது அவைதான்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இலக்கியக் கூட்டப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஸ்ருதி டிவி என்ற யூடியூப் சேனல் பல வருடங்களாகத் தமிழ் இலக்கியக் கூட்டங்களைப் பதிவுசெய்து வருகிறது. புத்தக வெளியீடு, கருத்தரங்கு, நினைவஞ்சலி என்று ஏராளமாக இருக்கின்றன. சிறிய ஊர்களில் இருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எனக்கு இருபத்தைந்து வயதில் சென்னையில் ஓர் எழுத்தாளர் பேசுகிறார் என்றால் ராத்திரி பஸ் ஏறிப் போய்வர வேண்டும். பெண் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா? அடுத்த மாதப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தால் உண்டு. இன்றைக்கு எஸ்.ராமகிருஷ்ணன் உலக இலக்கியத்தைப் பற்றி ஆற்றிய உரைகள் முழுமையாகக் கிடைக்கின்றன. ருஷ்ய நாவலாசிரியர்கள் எனக்கு அறிமுகமானது அவற்றின் வழியாகத்தான். உரை முடிந்த மறுநாளே நூலகத்துக்குப் போய் மொழிபெயர்ப்பைத் தேடியிருக்கிறேன்.

அந்த 'மறுநாள்' முக்கியம், தம்பி. உரையைக் கேட்டுவிட்டு நூலைப் படிக்காமல் விட்டால், படித்துவிட்ட நினைப்பு மட்டும் மனதில் தங்கிவிடும். என்னிடம் பிழைதிருத்தத்துக்கு வரும் இளைஞர்கள் சிலரின் எழுத்தில் இதைப் பார்க்கிறேன். பெரிய பெரிய பெயர்கள் வருகின்றன, வாக்கியம் மட்டும் பேச்சாளரின் வாக்கியமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓர் ஆசிரியரைப் பற்றிக் கேட்டால், அவர் எழுதியதில் பத்துப் பக்கமாவது அந்த வாரத்துக்குள் படித்துவிடுங்கள். புத்தகம் வாங்கக் காசில்லை என்றாலும் வழி இருக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பும் 1998 முதல் பழைய நூல்களை ஏற்றி வருகிறது.

நம் ஊருக்கு மேடைப் பேச்சு புதிதில்லை. சா.கணேசன் 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் காரைக்குடியில் விழா நடந்து, நிறைவு நாளில் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கும் இடத்துக்குப் போவார்கள். சின்னப் பிள்ளையில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, என்னைக் கூட்டிப்போய்ப் பந்தலில் உட்கார வைப்பார். பாதியில் தூங்கிவிடுவேன். ஆனாலும் ஒரு பாட்டைப் பிரித்துப் பிரித்துச் சொல்லும் முறை காதில் விழுந்துகொண்டே இருந்தது. இப்போது கம்பன் விழாப் பேச்சுகள் நிறையக் காணொளியாகக் கிடைக்கின்றன. நாவல் எழுதுகிறவனுக்குக் கம்பன் பேச்சு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு சொல்லை எடுத்து, கவி ஏன் இந்த இடத்தில் இதைப் போட்டான் என்று கால் மணி நேரம் பேசுகிறார்கள் பாருங்கள், அதுதான் எழுதுகிறவனுக்கு வேண்டிய பயிற்சி.

அடுத்து, கதை சொல்கிறவர்கள். திருவண்ணாமலை பவா செல்லதுரை கதை சொல்லும் பதிவுகளைக் கேட்டிருப்பீர்கள். இவற்றை வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தால் தகவல் மிஞ்சும், மூச்சு போய்விடும். அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தப் பெயரை இரண்டு முறை சொல்கிறார், முடிவை நெருங்கும்போது குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள். கையெழுத்துப் பிரதியை வாய்விட்டு வாசித்த அந்த வருடங்களில் எனக்கு ஒன்று புரிந்தது. மோசமான வாக்கியம் கண்ணை ஏமாற்றிவிடும், நாக்கை ஏமாற்றாது. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் உடைந்திருக்கும். நல்ல கதைசொல்லியைக் கேட்கக் கேட்க உங்கள் நாக்குக்கும் அந்தக் கணக்கு பிடிபடும்.

ஆவணப்படங்களை நான் இன்னும் ஒரு படி மேலே வைப்பேன். ரவிசுப்பிரமணியன் ஜெயகாந்தனைப் பற்றியும் இந்திரா பார்த்தசாரதியைப் பற்றியும் எடுத்திருக்கிறார். அம்ஷன்குமார் அசோகமித்திரனைப் பற்றி எடுத்திருக்கிறார். சாகித்திய அகாதெமியும் பல மொழி எழுத்தாளர்களைப் பற்றிப் படங்கள் எடுத்து வருகிறது. ஜெயகாந்தன் 2015-ல் போய்விட்டார், அசோகமித்திரன் 2017-ல் போய்விட்டார். ஆனால் அசோகமித்திரன் எப்படி உட்காருவார், எவ்வளவு தணிந்து பேசுவார் என்பதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தத் தணிவும் அவருடைய உரைநடையும் ஒன்றுதான் என்று பார்த்தவுடனே தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் பாரதியின் நினைவு வரும். அவர் 1919-ல் நம் பக்கம் வந்திருக்கிறார். கானாடுகாத்தானில் வை.சு.சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார், காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தார். கையில் கோலோடு அவர் இருக்கும் புகழ்பெற்ற புகைப்படம் காரைக்குடியில் எடுத்ததுதான். அவருடைய படங்கள் என்று நமக்குக் கிடைத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். குரல் கிடைக்கவே இல்லை. 'எப்படிப் பாடியிருப்பார்' என்று சங்கத்துக்குப் போகும்போதெல்லாம் நினைப்பேன். அவருடைய ஒரு நிமிடக் குரலுக்கு இந்தத் தமிழ்நாடு எதைக் கொடுக்காது? இன்றைக்கு நம் எழுத்தாளர்கள் மணிக்கணக்கில் பேசுவது பதிவாகிக் கிடக்கிறது. நாம் அதைச் சாப்பிட்டுக்கொண்டே பாதி காதில் போட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வகை இருக்கிறது, யாரும் அதை இலக்கியக் காணொளி என்று சொல்ல மாட்டார்கள். பொருள் செய்யும் காணொளிகள். ஈய எழுத்துக் கோத்து அச்சடிப்பது, கையால் புத்தகம் தைப்பது, காகிதம் செய்வது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் எடுத்தவை நிறைய இருக்கின்றன, பலவற்றில் பேச்சே இருக்காது. எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் ஒருவர் இருந்தார். எழுத்துகள் இருக்கும் கேஸ் பெட்டியைப் பார்க்காமலேயே கை போகும். எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்துக்கொண்டே இடமிருந்து வலமாகப் படிப்பார். வரி கொஞ்சம் நீண்டுவிட்டால் ஆசிரியரிடம் வந்து, "இந்த 'மிகவும்' வேணுமா?" என்று கேட்பார். பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஒவ்வோர் எழுத்துக்கும் எடை இருந்த காலம் அது. எடிட்டிங் என்றால் என்னவென்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அப்படிப்பட்ட ஒருவரின் கைகளைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் என் பக்கங்களிலிருந்து நாலு சொல் தானாகக் கழன்றுவிடும்.

வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்வதையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன். பக்கத்து ஊர் என்பதால் நேரிலேயே பார்த்திருப்பீர்கள், ஆனால் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அதன் பூக்கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவி, கடைசியில் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கிச் சமன் செய்கிறார்கள். அதாவது பூ அடியில் இருக்கிறது, வேலை செய்கிறவருக்கு முதுகுப்பக்கம்தான் தெரிகிறது. அப்புறம் காயவிட்டுத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையே கிடையாது. எல்லாம் முடிந்து கண்ணாடி கழன்று வரும்போதுதான் முகம் தெரியும், மினுமினுவென்று. இதைப் பார்த்த அன்றைக்கு என் நோட்டில் எழுதினேன்: 'முதல் எழுத்தில் முகம் தெரியாது. தெரியவில்லை என்று பாதியில் எடுத்தால் பூ கலைந்துவிடும்.' எழுதும் முறை பற்றிய எந்த உரையும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

'முப்பது நாளில் நாவல்', 'எழுத்தாளர் ஆக ஐந்து வழிகள்' வகையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒன்றிரண்டு பாருங்கள், போதும். எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: தினமும் எழுது. அது சரிதான். அதைத் தெரிந்துகொள்ள இருபது காணொளி வேண்டியதில்லை.

பதிப்பு பற்றிய காணொளிகளுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன், ஏனென்றால் இங்கே உங்கள் கைக்காசு சம்பந்தப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு பதிப்பகத்துக்குப் பணம் கட்டினார். பெயர் வேண்டாம். முந்நூறு பிரதி, 'பேக்கேஜ்' என்றார்கள். அதில் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித்தர என்று தனியாக ஒரு தொகை. புத்தகம் வந்தபோது மெய்ப்பே பார்க்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கட்டுகள் இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. எழுபது வயதில் வந்த முதல் புத்தகத்தை அவர் யாருக்கும் கொடுக்கக் கூசுகிறார். அது எனக்கு ஆறவே இல்லை.

ஆகவே சில கணக்குகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது, ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நம் கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் டெமி என்ற நடுத்தரப் புத்தக அளவில் வருகின்றன. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், 160 பக்கப் புத்தகம் என்றால் பத்து ஃபாரம். 163 பக்கம் எழுதிவிட்டு வந்தால் கடைசி ஃபாரம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். முன்னுரையைச் சுருக்கியோ பத்தி இடைவெளியைக் குறைத்தோ உள்ளே அடக்குவோம். ஆசிரியருக்கு ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதம் என்பார்கள். கடைக்கும் விநியோகத்துக்கும் கழிவாக அதைவிடப் பல மடங்கு போய்விடும். இப்போது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சடிக்கும் பி.ஓ.டி. முறை வந்துவிட்டதால் ஐம்பது, நூறு பிரதிகூட அடிக்கலாம். முந்நூறுக்கு யாராவது வற்புறுத்தினால் ஏன் என்று கேளுங்கள். புத்தகம் வந்த பிறகு சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போனாலும் அங்கே ஒன்று இருக்கும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

பதிப்பில் ஊக்கம் வேண்டுமென்றால் நம் மண்ணிலேயே அது நிறைய இருக்கிறது. இராயவரத்தில் பிறந்த வை.கோவிந்தன், வட்டிக்கடை வழியில் போகாமல் புத்தகத்தின் வழியில் போனவர். 1939-ல் 'சக்தி' பத்திரிகையைத் தொடங்கினார். சக்தி காரியாலயத்திலிருந்து நல்ல தாளில், நல்ல கட்டமைப்பில் நூல்கள் வந்தன. பாரதி கவிதைகளை ஏழை வாசகனும் வாங்கும்படி மலிவுப் பதிப்பாகக் கொடுத்தார். அதே இராயவரத்துக்காரர் அழ.வள்ளியப்பா. சக்தியில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்தியன் வங்கியில் சேர்ந்து, வங்கி வேலைக்கு நடுவிலேயே தமிழ்க் குழந்தைகளுக்கெல்லாம் பாட்டு எழுதினார். நீங்களும் வேலை பார்த்துக்கொண்டேதானே எழுத நினைக்கிறீர்கள்? மேலைச்சிவபுரியில் 1909-லேயே சன்மார்க்க சபை தொடங்கித் தமிழ் வளர்த்தார்கள். பண்டிதமணி மு.கதிரேசன் செட்டியார் அந்தச் சபைக்குத் துணை நின்றவர். மின்சார விளக்கு இல்லாத ஊரில் அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

இவர்களில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கி, ஐம்பதாயிரத்துக்கும் மேல் சேர்த்துவிட்டார். பெரிய நூல்களை மட்டும் சேர்த்தார் என்று நினைக்காதீர்கள். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லோரும் குப்பையில் போட்டதையெல்லாம் எடுத்துப் பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-ல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே இருக்க ஏற்பாடு செய்தது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே நடக்கும் சொற்பொழிவுகளும் காணொளியாக வருகின்றன. அச்சு வரலாறு, பழைய பத்திரிகைகள், சிந்துவெளி என்று அறிஞர்கள் பேசுகிறார்கள். ஒவ்வொரு முறை அவற்றைப் பார்க்கும்போதும் இது கோட்டையூரில் ஒரு வீட்டு அறையில் தொடங்கியது என்ற நினைப்பு எனக்கு வராமல் இருக்காது.

அந்தக் கல்யாணப் பத்திரிகையை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடைசிக் கேள்விக்கு வாருங்கள். "எங்கள் வீட்டில் எழுத என்ன இருக்கிறது?"

அப்பத்தா நாற்பது வருடம் ஒரு பெரிய வீட்டில் சமைத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எத்தனை காணொளிகள் இருக்கின்றன என்று பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், வளவு, பட்டாலை, வெளிச்சம் விழும் முற்றம். சினிமாக்காரர்களும் வருகிறார்கள், சுற்றுலாக்காரர்களும் வருகிறார்கள். எல்லாக் கேமராவும் முகப்பில் நுழைந்து இரண்டாங்கட்டோடு திரும்பிவிடுகிறது. பின்கட்டு அடுப்படிக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்துபோய், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கிற வீடு அது. மீதி நாளெல்லாம் அதற்குள் விளக்கேற்றிக் கூட்டிப் பெருக்கியவர்கள் யார்? நூறு பேருக்கு இலை போடும் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர் யார்? மனகோலம் என்ற பலகாரத்துக்குப் பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று விரலால் தொட்டுச் சொன்னவர் யார்? அந்த வீட்டு ஆச்சி எந்த நாளில் அடுப்படிக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தவர் யார்? உங்கள் அப்பத்தாவுக்குத் தெரியும். அந்தத் தூண்களைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். அந்த அடுப்படியைப் பற்றி எழுத நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

இதுவரை நீங்கள் பார்க்கிறவராகவே இருந்துவிட்டீர்கள். இனி ஒரு காணொளியை நீங்களே எடுங்கள். வெளியில் போடுவதற்கு இல்லை, உங்களுக்காக. ஆவணப்படங்களில் நல்ல நேர்காணல் எடுக்கிறவர்களைக் கவனித்தால் தெரியும், அவர்கள் 'உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால் அப்பத்தா, "என்னத்தப்பா சொல்ல, ஏதோ காலம் ஓடிருச்சு" என்று முடித்துவிடுவார். "படைப்பு அன்னைக்கு முதல்ல அடுப்புல என்ன ஏறும் அப்பத்தா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். பத்து எண்ணும் வரை காத்திருங்கள். எட்டு எண்ணும்போது அவர் வேறொன்றைச் சொல்லத் தொடங்குவார். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

கையில் ஏதாவது வேலை இருந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். வெங்காயம் உரிக்கட்டும், அரிசி புடைக்கட்டும். போனை முகத்துக்கு நேரே நீட்டாமல், மடித்த துண்டின் மேல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் சத்தம் நமக்குக் கேட்காது, பதிவில் குரலை விழுங்கிவிடும். வெயில் தாழ்ந்த நேரம் பாருங்கள், மத்தியானம் வேண்டாம், அவருக்குக் கண் செருகும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே நாளில் எடுக்காதீர்கள். எடுத்த அன்றைக்கே பெயரும் தேதியும் போட்டு இன்னோர் இடத்தில் பிரதி வைத்துவிடுங்கள். போன் தொலைந்து குரலும் போன வீடுகள் எனக்குத் தெரியும். அவருக்கு இஷ்டமில்லாத பேச்சு எதையாவது சொல்லிவிட்டு, "இதெல்லாம் எழுதாதே" என்றால் எழுதாதீர்கள். அந்தப் பெரிய வீட்டுக்காரர்களின் பெயரும் வேண்டாம்.

பிறகு அதைப் போட்டுக் கேட்டு, அவர் சொன்னபடியே தட்டச்சு செய்யுங்கள். 'அன்னைக்கு' என்றால் 'அன்னைக்கு'. பாதியில் நிறுத்திய வாக்கியம் பாதியிலேயே நிற்கட்டும். பத்து நிமிடப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி காணொளி பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில், வாரத்தில் நான்கு நாளை இதற்குக் கொடுங்கள். மீதி மூன்று நாள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு மாதத்தில் இருபது முப்பது பக்கம் சேர்ந்துவிடும். அதில் கதை எங்கே இருக்கிறது என்று அப்போது பார்க்கலாம். இப்போதே தேட வேண்டாம்.

பக்கங்கள் சேர்ந்ததும் அச்செடுத்து எடுத்து வாருங்கள். திங்கட்கிழமை சந்தைக்கு எப்படியும் காரைக்குடி வருவீர்கள், வேலை முடிந்ததும் பட்டறைப் பக்கம் வந்துவிட்டுப் போகலாம். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாம் நான் பார்த்துக் கொடுக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். அப்பத்தா சொன்ன சொல்லில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள்.